கோட்டையில் இல்லாத அமைச்சகம்

‘தமிழ்நாடு சுகாதார அமைச்சகம் அறிவிப்பு’, ‘மாநிலக் கல்வி அமைச்சகம் சுற்றறிக்கை’. தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடும் இந்தச் சொல் செய்தித் தளங்களிலும் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் அமைச்சர்கள் உண்டு, அமைச்சரவை உண்டு; அமைச்சகம் ஒன்றுகூடக் கிடையாது. புனித ஜார்ஜ் கோட்டையில் மாடி மாடியாகத் தேடினாலும் அகப்படுபவை துறைகள்தான்.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். அமைச்சு + அகம் = அமைச்சகம். அமைச்சு பழைய சொல். திருக்குறளின் 64ஆம் அதிகாரத்துக்குப் பெயரே அதுதான். வடமொழி ‘அமாத்ய’ என்பதன் திரிபு என்பர் ஒரு சாரார், ‘அமை’ என்னும் வினையில் பிறந்தது என்பர் மறு சாரார். அந்த வழக்கு இங்கே வேண்டாம். துறை என்பது ஆற்றில் இறங்கும் இடம். அகப்பாட்டிலும் புறப்பாட்டிலும் திணையின் உட்பிரிவு. பிறகு கல்வியின் கிளை. இன்று அரசு அலுவலின் கிளை. குழப்பம் வேரில் இல்லை. ‘மினிஸ்ட்ரி’ என்ற ஆங்கிலச் சொல் இரண்டு பொருள் சுமப்பதுதான் குழப்பம். முதலமைச்சரும் அமைச்சர்களும் சேர்ந்த குழு முழுவதும் மினிஸ்ட்ரிதான். ஓர் அமைச்சரின் கீழ் நிலையாக இயங்கும் அலுவலக அமைப்பும் மினிஸ்ட்ரிதான். முன்னது அமைச்சரவை, பின்னது அமைச்சகம். பின்னது தில்லியில் இருக்கிறது, சென்னையில் இல்லை.

தில்லியில் அது வெறும் வழக்குச் சொல் அன்று. ஒன்றிய அரசின் 1961ஆம் ஆண்டு அலுவல் ஒதுக்கீட்டு விதிகள் அமைச்சகங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, அவற்றுக்குள் துறைகளை வைக்கின்றன. நிதி அமைச்சகத்துக்குள் பொருளாதார விவகாரத் துறை, செலவினத் துறை, வருவாய்த் துறை, நிதிச் சேவைகள் துறை என்று பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலாளர். ஆக, அமைச்சகம் என்பது துறைகளை உள்ளடக்கிய கூடு.

மாநிலத்தில் அந்தக் கூடு இல்லை. ஆட்சி அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 154ஆவது உறுப்பின்படி ஆளுநரிடம் இருக்கிறது. 166ஆவது உறுப்பின்படி ஆணைகள் அவர் பெயரில் பிறக்கின்றன. அதே உறுப்பின் மூன்றாம் கூறின்படி அலுவல்கள் அமைச்சர்களுக்குப் பகிரப்படுகின்றன. அலுவல்களைச் செய்வது தலைமைச் செயலகத்தின் துறைகள். துறையின் உச்சியில் அரசுச் செயலாளர். அவருக்குக் கீழே கூடுதல், இணை, துணை, சார்புச் செயலாளர்கள், பிரிவு அலுவலர், உதவிப் பிரிவு அலுவலர். கோப்பு பிரிவில் பிறந்து ஏணி ஏறிச் செயலாளரைத் தாண்டி அமைச்சரிடம் போகிறது. ஆணை வெளிவரும்போது அமைச்சரின் கையெழுத்து அதில் இருக்காது. ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரிக்குக் கீழே இருப்பது செயலாளரின் பெயர்.

‘அமைச்சர் இருக்கிறார், அவருக்கு ஒரு துறை இருக்கிறது, அதை அமைச்சகம் என்றால் என்ன குடி முழுகிவிடும்?’ என்று கேட்பவர்கள் ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கட்டும். செயலகத்தில் ‘உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை’ என்று ஒரு துறை. ஆயத்தீர்வை என்பது கலால் வரி. (அந்த ‘மற்றும்’ தமிழ்தானா என்பது தனிச் சண்டை.) 2021 மே மாதம் பதவியேற்ற அமைச்சரவையில் இந்த ஒரே துறையின் அலுவல்கள் மூவரிடம் பிரிந்தன: காவல் முதலமைச்சரிடம், மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் மின்துறை அமைச்சரிடம், சிறைகள் சட்ட அமைச்சரிடம். இதில் ‘உள்துறை அமைச்சகம்’ எது? மூவரில் யாருடையது? 2023 ஜூனில் மதுவிலக்கு வீட்டுவசதி அமைச்சரின் கைக்கு மாறியது. செயலகத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. துறை அதே துறை, அதன் பெயரும் அதே பெயர். கோப்பு மேலே போகும் வாசல் மட்டும் மாறியது. மாநிலத்தில் அமைச்சர் சுமப்பது அலுவல்களின் ஒரு பட்டியலை. அது ஒரு துறைக்குள் அடங்கியும் இருக்கலாம், நாலு துறைகளில் சிதறியும் கிடக்கலாம்.

அந்தப் பட்டியலுக்கு நம்மிடம் ஒரு சொல் இருந்தது: இலாகா. அரபு வேர், உருது வழியாக வந்தது. துறை வந்ததும் இலாகாவைத் துரத்தினோம். நல்லதுதான், ‘பொதுப்பணி இலாகா’வுக்கு ஏங்குவோர் யாரும் இல்லை. ஆனால் அமைச்சரின் பொறுப்புக்கும் செயலகத்தின் அலுவலகத்துக்கும் ஒரே ‘துறை’யை வைத்ததால் இரண்டும் ஒன்றென்ற மயக்கம் வந்தது. ‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்று 2023இல் நாளிதழ்கள் பல எழுதியதைக் கவனியுங்கள். ‘துறை இல்லாத அமைச்சர்’ என்று எழுத அவற்றுக்குக் கை வரவில்லை. வேறுபாட்டை நாக்கு இன்னும் மறக்கவில்லை. இலாகா வேண்டாம் என்றால் ‘பொறுப்பு’ என்ற சொல் கையருகே இருக்கிறது: ‘மதுவிலக்குப் பொறுப்பு இவருக்கு மாற்றப்பட்டது.’ தெளிவும் கெடாது, தமிழும் கெடாது.

அமைச்சகக் கட்சிக்காரர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதை மறைப்பது முறையன்று. துறை என்ற சொல் அரசுக்குள்ளேயே இரட்டைப் பொருளில் புழங்குகிறது. அரசாணையின் ‘பெறுநர்’ பட்டியலில் ‘அனைத்துத் துறைத் தலைவர்கள்’ என்று வரும். அவர்கள் செயலாளர்கள் அல்லர். செயலகத்துக்கு வெளியே இருக்கும் இயக்குநர்களும் ஆணையர்களும். செயலகத்தில் ஒரு துறை, வெளியே ஒரு துறைத் தலைவர், இருவரும் வேறு என்றால் யாருக்குத்தான் குழம்பாது? அதனால் மேலடுக்கை அமைச்சகம் என்போம் என்கிறார்கள். இலங்கையை எடுத்துக்காட்டுவார்கள்: அங்கே மேலே கல்வி அமைச்சு, அதன் கீழே பரீட்சைத் திணைக்களம். அழகான பிரிவினை, ஒப்புக்கொள்கிறேன். திணைக்களம் என்ற சொல்லின் மீது எனக்குப் பொறாமையே உண்டு. ஆனால் அங்கே அமைச்சு என்ற அமைப்பு இருப்பதால் சொல் இருக்கிறது. இங்கே இல்லாத அமைப்புக்குப் பெயர் சூட்டுவது வெற்றுத் தொட்டிலுக்குத் தாலாட்டு. கீழடுக்குக்கு நம்மிடம் ஏற்கெனவே நல்ல பெயர்கள் உள்ளன: இயக்ககம், ஆணையரகம். மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை செயலகத்தில் இருக்கிறது. மருத்துவக் கல்விக்கு ஓர் இயக்ககம், பொது சுகாதாரத்துக்கு ஓர் இயக்ககம், மருத்துவம் – ஊரக நலப் பணிகளுக்கு ஓர் இயக்ககம் அதன் கீழே. ஐயம் வரும் இடத்தில் ‘செயலகத் துறை’ என்று ஓர் அடைமொழி சேர்த்தால் தீர்ந்தது.

இயக்ககம் என்பதை ‘இயக்குநரகம்’ என்று நீட்டுவோரும் உண்டு. இயக்குநரின் அகம் என்று பொருள் வருவதால் பிழையில்லை. ஆனால் அரசு வழக்கு இயக்ககம், அது குறுகியதும்கூட.

வெறும் சொற்பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ‘கல்வி அமைச்சக உத்தரவு’ என்று செய்தி வந்தால், வந்தது அரசாணையா இயக்குநரின் செயல்முறைகளா என்று வாசகருக்குத் தெரியாது. முன்னது கொள்கை முடிவு. ‘அரசாணை (நிலை) எண்’ என்று தொடங்கும், முகவரி தலைமைச் செயலகம், சென்னை-9. பின்னது அந்த முடிவை நடத்திக்காட்டும் அறிவுரை, ‘ந.க. எண்’ என்ற கோப்பு எண் தாங்கி, பள்ளிக் கல்வி என்றால் சென்னை-6இலிருந்து வரும். செயல்முறைகளால் அரசாணையை மாற்ற முடியாது. ஆசிரியர் ஒருவர் வழக்குத் தொடுக்கும்போது எதிர்மனுதாரராக யாரைச் சேர்ப்பது, எந்த ஆணையை எதிர்ப்பது என்பதெல்லாம் இதில்தான் நிற்கிறது. தகவல் உரிமைச் சட்டத்திலும் அப்படியே: செயலகத் துறைக்கு ஒரு பொதுத் தகவல் அலுவலர், இயக்ககத்துக்கு வேறொருவர். இடம் மாறிப் போன மனுவை 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரியவருக்கு மாற்றி அனுப்ப வேண்டும். சரியான பெயரை முதலிலேயே எழுதினால் அந்த அலைச்சல் மிச்சம்.

மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு திருவிளையாடலையும் சொல்லியாக வேண்டும். செயலகத்தில் பொதுத் துறை என்று ஒன்று உண்டு: அரசு விருந்தினருக்கான மரபுமுறை, இந்திய ஆட்சிப் பணி அலுவலர்களின் பணியிட மாற்றம் முதலியவை அங்கே. அதன் செயலாளரைப் ‘பொதுத்துறை நிறுவனங்களின் செயலாளர்’ ஆக்கி, அவருக்கு ஆலைகளையும் பேருந்துகளையும் ஒப்படைக்கும் பெயர்ப்புகள் வருகின்றன. அரசுச் செயலாளரை ‘அமைச்சரின் செயலாளர்’ என்று எழுதுவதும் இதே இனம். அவர் அரசுக்குச் செயலாளர். அமைச்சருக்கென்று இருப்பவர் நேர்முக உதவியாளர். அமைச்சர் மாறினால் உதவியாளரும் மாறுவார். செயலாளர் மாறுவதற்குப் பொதுத் துறையிலிருந்து தனி அரசாணை வர வேண்டும்.