சர்தார்னி: மனைவியா, தலைவியா?

சீக்கியர் வரலாற்றைத் தமிழில் தருகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. 'சர்தார்னி சதா கௌர்' என்று வந்தால் போதும், அடைப்புக்குறிக்குள் 'சர்தாரின் மனைவி' என்று ஒரு விளக்கம் போட்டுவிடுவார்கள். எந்த சர்தாரின் மனைவி? சதா கௌரின் கணவர் குர்பக்ஷ் சிங் 1785இல் பட்டாலாவுக்கு அருகே நடந்த சண்டையிலேயே இறந்துபோனார். மாமனார் ஜெய் சிங்கும் போன பிறகு கன்னையா மிஸலை, அதாவது அந்தப் பெயர் கொண்ட சீக்கியப் படைக்கூட்டத்தை, நடத்தியவர் இந்த அம்மாள்தான். தானே படை நடத்தியவருக்கு எதற்கு இன்னொருவர் மனைவி என்ற அடையாளம்?

சொல்லின் பிறப்பு சுலபம். பாரசீகத்தில் 'சர்' என்றால் தலை. 'தார்' என்றால் உடையவர். தாசில்தார், ஜமீன்தார் எல்லாம் அந்த வழியில் நமக்கு வந்தவை. ஆக, சர்தார் என்றால் தலைமை உடையவர். அதில் பஞ்சாபியின் பெண்பால் விகுதி 'னி' சேர்ந்தால் சர்தார்னி. அந்த விகுதிக்கு இரண்டு வேலை: 'மாஸ்டர்னி' என்றால் வாத்தியார் மனைவியாகவும் இருக்கலாம், பாடம் நடத்தும் டீச்சராகவும் இருக்கலாம். எது என்று இடம்தான் சொல்லும். அந்த இடத்தைப் பார்க்காமல் அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடுவதால் வரும் வினை இது.

பாட்டியாலாவின் சாகிப் கௌர் விஷயத்தில் கூத்து இன்னும் அதிகம். இவர் கணவர் ஜைமல் சிங் நிஜமாகவே சர்தார்தான். ஆனால் அவர் எதிரிகளிடம் சிறைப்பட்டபோது, படையோடு போய் மீட்டுவந்தவர் சாகிப் கௌர். 1793இல் தம்பி, பாட்டியாலா ராஜா சாகிப் சிங், இவரைத் தலைமை அமைச்சராக்கினார். மறுவருஷம் அந்தா ராவின் மராட்டியப் படை வந்தது. தன் படை பின்வாங்கப் பார்த்தபோது ரதத்தை விட்டுக் குதித்து, வாளை உருவி நின்றாராம். பிறகு இரவோடு இரவாகத் தாக்கி மராட்டியரைத் திருப்பி அனுப்பினார். இவரையும் 'சர்தாரின் மனைவி' என்றே எழுதுவோமா?

சரி, மனைவி வேண்டாம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள் அடுத்து நீட்டுவது 'வீராங்கனை'. எனக்கு இதன் மேல்தான் கோபம் அதிகம். வீரம் என்பதோடு 'அங்கனை' சேர்ந்த சொல் இது. அங்கனை என்றால் அழகிய அங்கங்களை உடையவள். ரதத்திலிருந்து வாளோடு குதித்தவரிடம் போய் அங்க லட்சணம் பேசுகிறோம். வடசொல் என்பதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. எத்தனையோ வடசொல் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. என் குறை, இந்தச் சொல் எதையும் சொல்வதில்லை என்பது. கபடி ஆடினாலும் வீராங்கனை, செஸ் ஆடினாலும் வீராங்கனை. துணிச்சல்காரி என்று மட்டும் தெரிகிறது. கட்டளையிட்டவர், வியூகம் வகுத்தவர், கோட்டை வாசலில் நின்றவர் என்பது தெரிவதில்லை. 1799 ஜூலையில் லாகூரைப் பிடிக்கப் போனபோது, பின்னாளில் பஞ்சாபின் மகாராஜாவான ரஞ்சித் சிங்குக்கு வயது 18. கூட வந்த படையில் பெரும் பங்கு மாமியார் சதா கௌருடையது. அவரை 'ரஞ்சித்தின் வீர மாமியார்' என்று எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அதே மருமகன் 1821இல் அவருடைய நிலங்களைப் பறித்துச் சிறையில் வைத்தார். 1832இல் சதா கௌர் சிறையிலேயே இறந்தார். வெறும் மாமியாருக்குப் பயந்தா ஒரு மகாராஜா இவ்வளவு செய்வார்?

'பெண் தளபதி' என்பதும் ஓடுகிறது. ஆண் தளபதி என்று யாராவது எழுதுகிறோமா? சீக்கியப் பெண்களுக்கே உரிய கௌர் பெயரிலேயே இருக்கும்போது பெண் என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம்.

சொல் நம் கையிலேயே இருக்கிறது. சர் என்பது தலை என்றால், சர்தார் தலைவன், சர்தார்னி தலைவி. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிற சொல் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆனால் வெறும் 'தலைவி' என்றால் ஒருவருக்கு அகப்பாட்டு நினைவு வரும், இன்னொருவருக்கு விண்ணப்பப் படிவத்தின் 'குடும்பத் தலைவி'. அதனால் 'படைத்தலைவி' என்பதே என் தேர்வு. 1705இல் பஞ்சாபின் கித்ரானாவில், குரு கோபிந்த் சிங்கின் ஆனந்தபூர் கோட்டையை விட்டு வந்த நாற்பது பேரைத் திரும்பப் போருக்கு அழைத்துச் சென்ற மாயி பாகோவுக்கும் அது பொருந்தும், மிஸல் எதுவும் அவர் கையில் இல்லாவிட்டாலும்.

பட்டப்பெயராக வரும் இடத்தில் சர்தார்னி என்றே விட்டுவிடலாம். முதல் முறை மட்டும் 'படைத்தலைவி' என்று விளக்கினால் போதும். இன்றைய பஞ்சாபிக் கல்யாணப் பத்திரிகையில் மணப்பெண்ணின் தாயார் பெயருக்கு முன்னால் வரும் சர்தார்னி வேறு. அது நம் 'திருமதி'.