ப்ளக்கைப் பிடுங்கியாச்சு, ஆனால் போர்டில் 325 வோல்ட் இருக்கிறது

கெட்டுப்போன அடாப்டரையும் டிவி பவர் போர்டையும் வீட்டிலேயே திறந்து பார்ப்பவர்கள் இப்போது நிறைய. ஆர்வம் நல்லதுதான், ஆனால் கை வைக்கும் முன் உள்ளே திசை மாறி வரும் கரண்ட்டை (ஏ.சி.) ஒரே திசைக் கரண்ட்டாக (டி.சி.) மாற்றும் நான்கு டையோடுகள் செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

டையோடு ஒரு பக்கம் மட்டும்தான் கரண்ட்டை விடும். நம் வீட்டு ஏ.சி. கரண்ட் நொடிக்கு 50 சுற்றாக, முன்னும் பின்னும் திசை மாறி மாறி வருகிறது, ஒற்றை டையோடு போட்டால் பாதி அலை வீண். நான்கைப் பிரிட்ஜாகக் கட்டினால் இரண்டிரண்டாக மாறி மாறித் திறந்து, உள்ளே எப்படி வந்தாலும் வெளியே பிளஸ் பிளஸ்ஸாகவே நிற்கும். ஆனாலும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும், அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பக்கத்தில் சார்ஜைச் சேர்த்து வைக்கும் குண்டான ஒரு கெபாசிட்டர்.

230 வோல்ட் என்று நாம் சொல்வது ஆர்.எம்.எஸ். கணக்கு, அதாவது ஏறி இறங்கும் அலைக்கு ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சி அதைப்போல 1.414 மடங்கு, சுமார் 325 வோல்ட், கெபாசிட்டர் அதுவரை ஏறிவிடும். அதன் மேல் 400 அல்லது 450 வோல்ட் என்று போட்டிருப்பது இதனால்தான்.

ப்ளக்கைப் பிடுங்கியதும் இந்தச் சார்ஜ் வந்த வழியே திரும்ப முடியாது, டையோடு விடாது. நல்ல அடாப்டர் என்றால் கெபாசிட்டருக்கு அடுத்து இருக்கும் சர்க்யூட் இழுத்துச் சீக்கிரம் தீர்த்துவிடும். செத்த போர்டைத்தான் நம்பக் கூடாது: ஃபியூஸ் நன்றாக இருந்து, பிரிட்ஜும் நன்றாக இருந்து, அதற்கு அப்பால் ஐ.சி. (சிப்) மட்டும் உள்ளே அறுந்து ஓப்பனாகிப் போயிருந்தால் இழுக்க ஆளே இல்லை. சார்ஜை இறக்குவதற்கென்று ரெசிஸ்டர் எல்லா போர்டிலும் இருக்காது. முந்தின நாள் கழற்றி வைத்த போர்டு மறுநாள் மீட்டரில் நூறு வோல்ட்டுக்கு மேல் காட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், போர்டின் செம்பு டிராக் பிய்ந்து பொறி கண்ணில் தெறிக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ஒயர்வவுண்டு ரெசிஸ்டரின் இரண்டு கால்களிலும் இன்சுலேஷன் உள்ள ஒயரைப் பற்றவைத்து, கெபாசிட்டர் கால்களில் இருபது நொடி வையுங்கள். அப்புறம் மீட்டரை டி.சி. 600 அல்லது 1000 ரேஞ்சில் வைத்துப் பாருங்கள். ஐந்து வோல்ட்டுக்குக் கீழே வந்தபிறகுதான் கை.

"வீட்டில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறதே" என்று சிலர் கேட்கிறார்கள். அது லைனில் போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. ப்ளக்கே இல்லாத போர்டில், கெபாசிட்டரின் இரண்டு கால்களுக்கு நடுவே உங்கள் கை மாட்டிக்கொண்டால் அதற்குத் தெரியவே தெரியாது.