உப்பு மண்ணில் ஓடிய வண்டிகள்

எங்கள் வீட்டு ஜீப்பில் இடப்பக்க இருக்கையின் காலடியில் எட்டணா அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அப்பா வண்டியை ஓட்ட, நான் குனிந்து உட்கார்ந்து அந்த ஓட்டை வழியாகச் சாலை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவேன். தார்ச்சாலை முடிந்து கப்பி வரும், பிறகு மணல் வரும், கடைசியில் உப்பளத்துப் பாத்திகளின் ஓரத்து வெளுத்த களிமண் வரும். நிறத்தை வைத்தே எங்கே வந்திருக்கிறோம் என்று சொல்லிவிடுவேன். மழைக்காலத்தில் அதன் மேல் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு வைப்பார்கள். அந்தச் சாக்குதான் தகட்டை மேலும் தின்றது என்பது, வேதாரண்யம் பகுதியில் டிங்கரிங் பட்டறை வைத்துப் பல வண்டிகளின் அடிப்பாகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அது உயர்ந்த பானெட் கொண்ட சிஜே-3பி வகை ஜீப். வில்லிஸ் நிறுவனம் 1953-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த வடிவம் அது. அதன் ஹரிக்கேன் எஞ்சினில் காற்றை உள்ளிழுக்கும் வால்வுகள் மேலே, ஹெட்டில் அமைந்ததால் எஞ்சினின் உயரம் கூடியது. பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அங்கே 1968-ல் உற்பத்தி நின்ற பிறகும், உரிமம் பெற்றிருந்த மகிந்திரா இங்கே அதைத் தொடர்ந்து செய்துவந்தது. மூன்றே கியர்கள். முதல் கியருக்கு, பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது என்பதால், ஓட்டத்தில் அதற்கு இறக்க வேண்டுமானால் கிளட்சை இரண்டு முறை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தி, எஞ்சின் சத்தத்தைக் காதில் வாங்கிப் போட வேண்டும். சத்தம் பிடிபடாதவனுக்குக் கியர் விழாது; பல்லைக் கடிக்கும் ஓசைதான் மிஞ்சும். ஸ்டீயரிங்கில் நான்கு விரற்கடை ஆட்டம் இருந்தது, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் திருப்புவோம். மாலை நேரத்தில் முன்கண்ணாடியைப் பானெட்டின் மேல் மடித்துவிட்டு ஓட்டினால் முகத்தில் உப்புக்காற்று அடிக்கும். இத்தனை வண்டிகளை ஓட்டிப் பார்த்தும், எனக்கு அதற்கு ஈடான சுகம் வேறொன்றில் கிடைத்ததில்லை.

வைகறையில் முல்லைக் கூடைகள், சித்திரையில் மாங்காய், ஆண்டு முழுவதும் தேங்காய் என்று டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஓடிய அதே வண்டி, கோடையில் தோட்ட வேலை குறைந்தால் உப்பு மூட்டைக்கும் போகும். இந்தப் பகுதியின் பழைய தோட்ட வண்டிகள் எல்லாவற்றின் கதையும் ஏறக்குறைய இதுதான். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது இங்கேதான். விவசாயமும் உப்பும் ஒரே சாலையில் போய்வருகின்றன.

உப்பு இரும்பைத் தின்னும் என்பது எல்லோரும் அறிந்தது. எப்படித் தின்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எங்கே தேடுவது என்று புரியும். இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும். உப்பு அந்த நீரில் கரைந்து மின்னோட்டத்திற்கு வழிவிட்டு வேலையை விரைவாக்குகிறது. தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் கசிந்து நீராகும். ஆனால் கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு சுமார் 33 விழுக்காட்டிலேயே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரையில் அந்த அளவுக்குக் காற்று வறள்வது அரிது. ஆகவே பங்குனி வெயிலில் வண்டி மேலே காய்ந்து கிடந்தாலும், மட்கார்டின் உட்புறத்தில் ஒட்டிய சேறு காய்வதே இல்லை. போதாக்குறைக்குத் தென்னைக்குப் போடும் பொட்டாஷ் உரமும் ஒரு குளோரைடு உப்புதான். கிழிந்த மூட்டையிலிருந்து வண்டியின் சுமைத் தொட்டியின் மூலையில் கொட்டியது கூட்டப்படாமலே கிடக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், அப்போதுதான் வாங்கிய பழைய சிறு லாரி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயிண்ட் கண்ணாடி போல் பளபளத்தது. பின்பக்கம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஸ்பிரிங் பட்டையை மாற்றிக் கொடுங்கள் என்றார். நான் முதலில் சிறு காந்தம் ஒன்றைக் கதவின் அடிவிளிம்பில் வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் இருந்தது தகடு அல்ல, பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி. பிறகு திருப்புளியின் கைப்பிடியால், வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இரும்பு மணி போல் ஒலிக்கும். பின் ஸ்பிரிங் தொங்கும் இடத்திற்கு மேலே வந்ததும் ஓசை பழுத்த பூசணியைத் தட்டியது போல் அடங்கிவிட்டது. நம் ஊரில் தொட்டி கட்டுபவர்கள் சேஸிஸுக்கும் தொட்டிக்கும் இடையில் நீளமாக ஒரு மரச்சட்டத்தை வைப்பார்கள். அதைத் தூக்கிப் பார்த்தோம். மரம் ஈரம் குடித்து ஊறிக் கிடந்தது. அதன் அடியில் சேஸிஸின் மேல்விளிம்பு, நைந்த ஓலைச்சுவடி போல் ஏடு ஏடாகப் பிரிந்து கையோடு வந்தது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்துவிட்டால் ஆப்பு அடித்தது போல் அவற்றைப் பிளந்து, ரிவெட்டையும் இழுத்துவிடும். அவர் வாங்கியது பெயிண்டைத்தான். அன்று மாலையே ஆட்களை ஏற்றி ஒரு திருமணத்திற்குப் போவதாக இருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

பிறர் தவற்றைச் சொல்லும் நான் என் தவற்றையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பின் ஜீப் என் கைக்கு வந்த காலம். டிரெய்லரில் மாங்காய் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் வரும்போது பிரேக் பெடல் ஒரேயடியாகத் தரையைத் தொட்டது. அந்தக் காலத்து அமைப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் வட்டம்தான்; எங்கேனும் ஓரிடத்தில் ஆயில் கசிந்தால் நான்கும் போய்விடும். நல்ல வேளையாக அந்த ஜீப்பின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை, கியர்பெட்டிக்குப் பின்னால், சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைப் பிடிப்பது. கியரைக் குறைத்து அதை இழுத்ததில் வண்டி வாய்க்கால் கரையின் பூவரச மரத்தடியில் நின்றது; கால் நடுக்கம் நிற்க மட்டும் வெகுநேரம் ஆயிற்று. பிறகு படுத்துப் பார்த்தேன். வெளியே தெரிந்த பிரேக் பைப் எல்லாம் நன்றாக இருந்தது. அதைச் சேஸிஸோடு பிடித்திருந்த கிளிப்புக்கு அடியில், சேறு தங்கிய அந்த ஓர் அங்குலம் மட்டும் ஊசித்துளை விட்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை கிளிப்பைக் கழற்றித் துடைத்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அன்று முதல் என் பட்டறையில் கிளிப்பைக் கழற்றாமல் பிரேக் பைப்பைப் பார்த்ததாக எவரும் சொல்லக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் வாகனத்திற்கென வரும் செம்பு-நிக்கல் கலவைக் குழாயைப் போடலாம். குளிர்சாதனக்காரரிடம் மிஞ்சிய செம்புக் குழாயை வளைத்துப் போட்டுக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அது அதிர்வில் களைத்து விரிசல் விடும்.

பராமரிப்பில் நான் அடிக்கடி காணும் பிழைகள் நல்லெண்ணத்தில் செய்யப்படுபவை. வாட்டர் சர்வீஸ் என்று வாரந்தோறும் கழுவுகிறார்கள், ஆனால் கழுவுவது உவர்ப்பான போர் தண்ணீரில். அது உப்பைக் கழுவுவதில்லை, உள்ளே ஏற்றுகிறது. குளத்து நீரோ மழைநீரோ கிடைத்தால் மாதம் ஒரு முறை போதும், ஆனால் அடிப்பாகத்தை மெதுவான நீரில் வெகுநேரம் நனைத்துச் சேற்றைக் கரைத்துவிட்டு, வெயிலில் கதவுகளைத் திறந்து காயவிட வேண்டும். கதவின் அடியில் நீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். பெயிண்ட் அடிப்பவர்கள் அவற்றைப் பட்டியால் மூடிவிடுகிறார்கள். ஒரு கம்பியால் குத்திவிடுவதற்குச் செலவே இல்லை. அடியில் கழிவு எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சும் பழக்கம் இன்னும் போகவில்லை. அது ரப்பர் புஷ்களை ஊதவைக்கும், பிரேக் டிரம்மில் வழிந்தால் ஆபத்து, தோட்டத்து மண்ணும் கெடும். துருவின் மேலேயே ரெட் ஆக்சைடு அடிப்பது புண்ணின் மேல் பவுடர் பூசுவதற்குச் சமம். வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, எட்டாத குழிகளுக்கு மட்டும் துருமாற்றி திரவம் தடவி, அது காய்ந்த பிறகுதான் பிரைமர். அழுகிய தகட்டின் மேல் புதிய தகட்டை வைத்துப் பற்றவைப்பதும் அப்படியே: இரண்டுக்கும் நடுவே ஈரம் தங்க ஒரு பை தைத்துக் கொடுக்கிறோம். நல்ல இரும்பு வரும்வரை வெட்டித்தான் ஒட்டு வைக்க வேண்டும், அதற்குக் கூலி இரட்டிப்பாகும் என்பதும் உண்மைதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது கடல்நீரும் சேறும் ஊருக்குள் வந்தன. தென்னைகள் விழுந்து கிடந்த நாட்களில் வண்டியைப் பற்றி யாருக்குக் கவலை? இருந்தாலும் ஒருவர் மூன்றாம் நாளே குளத்து நீரைக் குடம் குடமாகச் சுமந்து தம் ஜீப்பின் அடியில் ஊற்றினார். பேட்டரியைக் கழற்றி, சக்கரங்களைக் கழற்றி, டிரம்மைத் திறந்து கழுவினார். அந்த வண்டி இன்றும் மாங்காய் ஏற்றுகிறது. அதே தெருவில் இன்னொன்று தார்ப்பாய் போட்டுப் பத்திரமாக மூடப்பட்டிருந்தது. தை மாதம் தார்ப்பாயை எடுத்தபோது அதன் பானெட்டின் கீல் கையோடு வந்தது.

இவற்றைப் பாதுகாக்க நினைப்பவர்களுக்குச் சட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்திற்குப் பயன்படாத வண்டியைத்தான் 'விண்டேஜ்' எனப் பதிவு செய்யலாம்; அப்படிப் பதிந்ததை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. சுமை ஏற்றும் வண்டிக்கு எட்டு ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனை உண்டு. எஃப்.சி.க்கு முதல் நாள் பெயிண்ட் அடித்துத் தரச் சொல்லி வருபவர்களிடம், முதலில் வண்டியை, அடிப்பாகத்தைப் பார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தச் சொல்கிறேன். சிலர் நிறுத்துகிறார்கள், சிலர் வேறு பட்டறைக்குப் போய்விடுகிறார்கள்.

எங்கள் ஜீப்புக்குத் தரைத்தகடு முழுவதையும் புதிதாக மாற்றியபோது, எட்டணா ஓட்டை இருந்த பழைய துண்டை வெட்டியெடுத்துப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினேன். அதற்குப் பெயிண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. அதன் மேல் ஒரு சொட்டு மழைகூடப் பட்டதில்லை; கடற்காற்று மட்டுந்தான். வருபவர்கள் என்னவென்று கேட்டால் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுக் காட்டுகிறேன். இப்போது மணிக்கட்டு வரை நுழைகிறது.