சகபாடி வதை

பாடசாலையில் மெலியவரைத் திரும்பத் திரும்ப வதைப்பதை ஆங்கிலத்தில் 'புல்லியிங்' (bullying) என்பர். அதைப் பலரும் 'பகிடிவதை' என்றே எழுதிவிடுகிறார்கள். பகிடிவதை வேறு. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருபவரை மூத்த மாணவர்கள் துன்புறுத்துவதே பகிடிவதை. இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. பாடசாலைக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவர எனக்கு மனமில்லை. "பகிடிக்குத்தான் சேர்" என்று தப்பிக்கும் வழியை அதன் முற்பாதியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

'புல்லி' என்ற சொல் 16ஆம் நூற்றாண்டில் அன்புக்குரியவரை அழைக்கும் சொல்லாக இருந்தது. காதலன், சகோதரன் என்று பொருள்படும் டச்சுச் சொல்லே அதன் மூலம் என்பர். அடுத்த நூற்றாண்டில் அது மெலியவரை மிரட்டுபவனைக் குறிக்கத் தொடங்கியது. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்க்க வலுவில்லாதவர்மேல் செய்வது எனப் புல்லியிங்குக்கு மூன்று அடையாளங்கள் சொன்னவர் நோர்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வியஸ்.

உடன் படிப்பவரை நாம் சகபாடி என்கிறோம். ஆகவே 'சகபாடி வதை' என்பதே பொருந்தும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் 'பிரபலம்'. மிகுந்த வலிமை உடையது என்பதே வடமொழியில் அதன் பொருள். பதின்வயதினரை ஆராய்ந்தவர்களும் இதைத்தான் கண்டார்கள்: எல்லோருக்கும் பிடித்த பிள்ளை வேறு, வகுப்பில் பிரபலமான பிள்ளை வேறு. பிடித்த பிள்ளை பெரும்பாலும் பிறருக்கு உதவுகிறது. பிரபலமான பிள்ளையிடம் பிறரை மட்டம்தட்டும் போக்கும் அடிக்கடி சேர்ந்திருக்கிறது. சிரிக்கக் கூட்டம் இருப்பதால் வகுப்பில் அதன் இடமும் உயர்கிறது.

மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஒரு நகரப் பாடசாலையை எண்ணிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து மழையில் நடந்து, பஸ் பிடித்து வரும் தரம் 9 மாணவன். சப்பாத்தில் சேறு. "தோட்டக்காட்டான்" என்கிறான் வகுப்பின் நாயகன்; பின்வரிசை சிரிக்கிறது. மறுநாளும் அதே சொல், அதே சிரிப்பு. ஒரு மாதம் கழித்து இவன் அடிமட்டத்தால் அவன் கையில் ஓங்கி அடிக்கிறான். ஆசிரியரின் குறிப்பேட்டில் ஏறுவது இவன் பெயர்: 'குழப்படிக்காரன்'.

வதைபடும் பிள்ளை ஒடுங்கிப்போவது மட்டுமல்ல, சினந்து அடிப்பதும் பாடசாலைக்கு வராமல் நிற்பதும் உண்டு என்பது ஆய்வுகளில் பலமுறை தெரியவந்தது. அந்தச் சினத்தைக் கண்டு மற்றவர்கள் இன்னும் விலக, வதை கூடுகிறது. குறிப்பேட்டில் அடிமட்டம் இருக்கிறது. அதற்கு முந்தைய ஒரு மாதம் இல்லை.