கரண்ட் போனால் சோலார் வீட்டிலும் இருட்டுதானா?

பெங்களூரில் ஏப்ரல் கடைசியில் கோடை மழை ஆரம்பித்தால் என் போன் ஓயாது. காற்றில் எங்கேயாவது ஒரு மரக்கிளை கம்பி மேல் விழும், தெரு முழுக்கக் கரண்ட் போகும். மறுநாள் காலை அல்சூரிலிருந்தோ முருகேஷ்பாளையாவிலிருந்தோ ஒருவர் கூப்பிடுவார். "அண்ணா, மழை விட்டு வெயிலும் வந்துடுச்சு. மாடி பூரா பேனல் இருக்கு. வீட்டுல ஒரு ஃபேன்கூட ஓடலையே, என்ன ரிப்பேர்?" ரிப்பேர் எதுவும் இல்லை. அவர் வாங்கிய சோலார் கரண்ட் போனால் நின்றுவிடும் வகை. வாங்கும்போது யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மானியத்தோடு வீடுகளில் இப்போது போடப்படுவது பெரும்பாலும் 'ஆன்கிரிட்' சோலார். பேனல் தரும் டிசி மின்சாரத்தை (ஒரே திசையில் ஓடுவது) அதன் இன்வெர்ட்டர் வீட்டுக்கு வரும் ஏசியாக (திசை மாறி மாறி ஓடுவது) மாற்றி, ஊருக்குக் கரண்ட் தரும் பெஸ்காம் நிறுவனத்தின் லைனோடு சேர்க்கிறது. லைனில் வரும் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் பார்த்துத்தான் அது ஓடும். லைன் செத்தால் ஓரிரு நொடியில் தானும் நின்றுவிடும். காரணம், தெருமுனைக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன். மெயின் சப்ளையை நிறுத்திவிட்டோம் என்று நம்பி அவர் கம்பியைத் தொடும்போது, உங்கள் மாடியிலிருந்து 230 வோல்ட் அந்தக் கம்பிக்குப் போகக் கூடாது. இந்தப் பாதுகாப்பை 'ஆஃப்' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: உங்களுக்குக் குறைய வேண்டியது கரண்ட் பில்லா, இருட்டா? பில் மட்டும் என்றால் ஆன்கிரிட் போதும். கரண்ட் போனாலும் வீடு ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும், செலவு நன்றாகவே ஏறும். கர்நாடகாவில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டு முதல் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கு அவர்கள் சராசரிக்கு ஏற்ற அளவு மின்சாரம் இலவசம். ஏற்கெனவே பில் பூஜ்யமாக வரும் சின்னக் குடும்பம் பில்லைக் குறைக்க சோலார் போடுவதில் என்ன அர்த்தம்? அந்த வீட்டுக்கு ஒரு நல்ல யுபிஎஸ் (பேட்டரியோடு வரும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர்) போதும் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வியாபாரம் போகும்தான். ஆனால் அவர்களே நாளைக்கு ஏசி போட்டு 300 யூனிட் தாண்டும்போது என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மானியம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு ரூ.30,000, மூன்றாவதுக்கு ரூ.18,000. அதிகபட்சம் ரூ.78,000. இந்தியாவில் தயாரான செல்களைக் கொண்ட பேனலாக இருக்க வேண்டும். கணக்கு பேனல் கிலோவாட்டுக்குத்தான், பேட்டரிக்குத் தனியாக எதுவும் கிடையாது.

நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் கிட்டத்தட்ட தரும். பிப்ரவரி, மார்ச்சில் மனசு குளிரும். ஜூலை, ஆகஸ்ட் மேகமூட்டத்தில் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் நாட்களும் உண்டு. அதைப் பார்த்து பயந்து போன் செய்ய வேண்டாம். நிழலுக்குத்தான் பயப்பட வேண்டும். 30க்கு 40 அடி மனையில் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, ஏற்கெனவே இருக்கும் வாட்டர் ஹீட்டர் எல்லாம் போக மிச்ச இடத்தில்தான் பேனல் வரும். தெற்குப் பக்கத்து மனை இன்று காலியாக இருக்கலாம். நாளைக்கு அங்கே நாலு மாடி எழும்பினால் டிசம்பர் மாதத்தில் உங்கள் பேனலுக்குப் பாதி நாள் வெயிலே கிடைக்காது. அந்த மனை யாருடையது, என்ன கட்டப் போகிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

இனி பேட்டரி. நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பெங்களூரில் பல வீடுகளில் இருக்கும் 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்) ட்யூபுலர் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். அதில் பாதிக்கு மேல் தினமும் உறிஞ்சினால் பேட்டரியின் ஆயுள் சீக்கிரம் போகும், ஆக கைக்கு வருவது 0.9 யூனிட். இன்வெர்ட்டரின் இழப்பு போக இன்னும் கொஞ்சம் குறையும். பழைய 75 வாட் ஃபேன் மூன்று, நாலு எல்இடி விளக்கு, டிவி, வைஃபை எல்லாம் சேர்த்தால் 375 வாட் போல வரும். இரண்டு மணி நேரம் ஓடும். ஃபேனை மட்டும் கரண்ட் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் அதே பேட்டரியில் மூன்று மணி நேரம் ஓட்டலாம். இரண்டாவது பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் 2 கிலோவாட் இழுப்பவை, அவற்றை யுபிஎஸ் லைனில் சேர்க்கவே கூடாது. ஒரு ஹெச்பி மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போல பல மடங்கு இழுக்கும். போர் தண்ணீரை யுபிஎஸ்ஸில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் அவர்களிடமே எழுத்தில் வாரண்டி கேளுங்கள்.

பேட்டரியை எங்கே வைப்பது? ஊரில் எல்லோரும் வைப்பது படிக்கட்டுக்கு அடியில். பல வீடுகளில் அதற்கு மேலேயே சாமி படமும் விளக்கும் இருக்கும். இது உண்மையிலேயே ஆபத்து. ட்யூபுலர் போன்ற லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளியே வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றக்கூடியது. காற்றோட்டம் இல்லாத மூடிய அலமாரி, படுக்கையறை, கேஸ் சிலிண்டருக்குப் பக்கம் எதுவும் வேண்டாம். ஊற்றுவது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான். ஆர்.ஓ. தண்ணீர், ஏசி சொட்டும் தண்ணீர் எல்லாம் வேலைக்காகாது. டெர்மினலைத் தொடுவதற்கு முன் இன்வெர்ட்டரை நிறுத்தி, மோதிரம், வளையல், செயினைக் கழற்றிவிடுங்கள். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரு ஸ்பேனர் சேர்த்துத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும். ஆசிட் கண்ணில் பட்டால் குறைந்தது கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக டாக்டரிடம் போங்கள். வேறு எதையும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

லித்தியம் வாங்க நினைப்பவர்கள் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகையா என்று கேட்டு வாங்குங்கள். சூடு தாங்குவதில் அது மற்ற லித்தியம் வகைகளைவிட மேல். தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தலாம். ஆனால் உங்கள் பழைய யுபிஎஸ்ஸில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா பாருங்கள். ட்யூபுலருக்கான சார்ஜரில் அதை மாட்டக் கூடாது. பழைய ஸ்கூட்டர் பேட்டரியின் செல்களைப் பிரித்துப் பெட்டியில் அடைத்துப் பாதி விலைக்குத் தருபவர்களிடம், விலை எவ்வளவு இறங்கினாலும் சரி, வாங்க வேண்டாம்.

மாடியில் இருக்கும் டிசி வயர் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் சுலபமாக வரும், வெயில் இருக்கும்வரை அதை யாராலும் அணைக்க முடியாது. ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்த இடைவெளி கிடையாது, பொறி பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்காதீர்கள். முதலில் இன்வெர்ட்டர், அப்புறம் டிசி ஸ்விட்ச். இரண்டு கம்பெனி கனெக்டர்களை ஜோடி சேர்ப்பதையும் அனுமதிக்காதீர்கள், சூடாகிக் கருகுவது அங்கேதான். புறாக்கள் பேனலுக்கு அடியில் கூடு கட்டி வயரில் எச்சம் போட்டு நாசம் செய்வது தனிக்கதை, சுற்றிலும் வலை அடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பேனலைக் கழுவுவது அதிகாலையில். போர் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும், கடைசியில் துடைத்துவிடுங்கள்.

எர்த்திங்கில் காசு மிச்சம் பிடிக்கவே கூடாது. ஏசி, டிசி, இடிதாங்கி மூன்றுக்கும் தனித்தனி எர்த் குழி வேண்டும். ஒரே குழியில் மூன்றையும் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் வீடுகளை நிறையப் பார்க்கிறேன். வேலை முடிந்ததும் எர்த் ரெசிஸ்டன்ஸை மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கத் தயங்கினால் கடைசித் தவணையை நிறுத்தி வையுங்கள், மீட்டர் தானாக வரும்.

2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், யமலூர் பக்கம் தரைத்தளங்களில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். தாழ்வான ஏரியாவில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் கார் நிறுத்தும் இடத்தில் வைக்காமல் முதல் மாடிக்கு ஏற்றிவிடுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் நீங்களே போய் ஸ்விட்சைத் தொட வேண்டாம். கரண்ட் போயிருந்தாலும் பேனலும் பேட்டரியும் உயிரோடுதான் இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் எலக்ட்ரீஷியன் சோதித்த பின்தான் ஆன் செய்ய வேண்டும்.

பழைய ட்யூபுலர் பேட்டரியைத் தெருவில் வரும் பழைய இரும்புக்காரருக்குப் போடாதீர்கள். ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போவார்கள். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் எடைக்கு விலை கழிப்பார்கள். தூக்கிக்கொண்டு போவதும் அவர்கள் ஆள்தான், அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் முதலிலேயே பேசிவிடுங்கள்.