மழைத் தண்ணீர் எந்த ஒழுங்கையில் முதலில் தேங்கும்?

கொழும்பில் காலி வீதியை ஒட்டிய வெள்ளவத்தை ஒழுங்கைகளில் ஒரு பின்னேர மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும் இடமும் உண்டு, அரை மணியில் காயும் இடமும் உண்டு. ஏன் என்ற இந்த ஒரு கேள்வி, தரம் 10, 11 மாணவரின் களஆய்வுக்குத் தாராளம். ‘கால்வாயைப் பார்த்து அறிக்கை எழுதுக’ என்று அனுப்பினால் பிள்ளைகள் இணையத்தில் கிடைப்பதைப் பார்த்தெழுதித் தருவார்கள். இதற்கு இணையத்தில் விடை இல்லை, அளந்தால்தான் தெரியும்.

முதலில் வகுப்பறை வேலை. கூகுள் ஏர்த்தில் ஒழுங்கையைச் சுற்றி 100 மீற்றர் சதுரம் ஒன்றை அடையாளமிட்டு 10×10 கட்டங்களாகப் பிரிக்கலாம். கூரை, கொங்கிரீட், பசுமை என்று எண்ணும் கட்டங்களே சதவீதமாகிவிடும். பழைய ஆண்டுப் படத்திலும் அதே சதுரத்தை எண்ணச் சொல்லுங்கள். ஒரு சிக்கல்: மேலிருந்து பச்சையாகத் தெரியும் மாமரத்தின் கீழே இன்டர்லொக் கல் பதித்திருப்பார்கள். ஆகவே பத்துக் கட்டங்களையாவது நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

உயரம் என்று வந்தால் தொலைபேசியை நம்பவே கூடாது. ஜி.பி.எஸ். காட்டும் உயரம் பல மீற்றர் பிழைக்கும். செய்மதி உயரத் தரவிலோ கூரையும் மரமும் கலந்திருக்கும். ஒழுங்கையின் இரு முனைகளுக்கும் உள்ள வித்தியாசம் சில பத்துச் சென்ரிமீற்றராகவே இருக்கலாம். அதற்கு மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயே போதும்: 12 மீற்றர் தெளிவான குழாய், சென்ரிமீற்றர் குறித்த இரண்டு தடிகள், தண்ணீரில் சில துளி மை. 10 மீற்றருக்கு ஒரு தடவை தடிகளை நிறுத்தி, குழாயின் இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் உயரங்களை வாசித்துக் கழித்தால் நிலத்தின் ஏற்றத்தாழ்வு கிடைக்கும். பிழை பெரும்பாலும் காற்றுக்குமிழியால்தான் வரும். ஆகவே தொடங்கமுன் இரு முனைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மட்டம் ஒன்றாக இல்லாவிட்டால் குமிழி இருக்கிறது, குழாயைத் தட்டி வெளியேற்றுங்கள். 100 மீற்றர் போனபின் அளந்துகொண்டே திரும்பி வர வேண்டும். தொடங்கிய இடத்தில் கூட்டுத்தொகை பூச்சியத்திலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு மேல் விலகினால் மறுபடி அளக்க வேண்டியதுதான்.

அடுத்தது, ஒழுங்கைத் தண்ணீர் கடலுக்குப் போகும் கால்வாய். 10 மீற்றர் தூரத்தைத் தோடம்பழம் மிதந்து கடக்கும் நேரத்தை ஐந்து தடவை எடுத்துச் சராசரி காணலாம். வெற்றுப் போத்தல் வேண்டாம், கடற்காற்று அதைத் தள்ளிவிடும். மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கினால் சராசரி வேகம். கொழும்பில் கடல்வற்றுப்பெருக்கு, அதாவது கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு, ஒரு மீற்றரையும் எட்டாது. ஆனாலும் கால்வாயின் சரிவு மிகக் குறைவு என்பதால், அது கடலில் சேரும் வாயருகே பெருக்கு நேரத்தில் பழம் அசையாமலே நிற்கக்கூடும். அளவு பிழை என்று அதை அழித்துவிடாதீர்கள். அந்தப் பூச்சியம்தான் அன்றைய மிகச் சிறந்த தரவு! கடல் ஏறியிருக்கும்போது ஒழுங்கைத் தண்ணீருக்குப் போக வழியில்லை என்பதை அது காட்டுகிறது. வற்று நேரத்தில் இன்னொரு நாள் வந்து அளந்து ஒப்பிடுங்கள்.

எலிக்காய்ச்சல் அபாயம் இருப்பதால் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ரயில் பாதைப் பக்கமும் போக வேண்டாம். இடிமழைக் காலத்தில் காலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

புள்ளி போடும்போது அழகான வரைபடத்தைவிட, படமும் அளவும் முரண்படும் இடத்தை விளக்கியவருக்குக் கூடக் கொடுங்கள். சரிவு வடிகானை நோக்கியே இருந்தும் தண்ணீர் நிற்கிறதென்றால், குழுவைத் திருப்பி அனுப்பி வடிகான் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். பொலித்தீன் அடைத்திருக்கலாம், வீதிக்குப் புதிதாகத் தார் போட்டபோது வாயே புதைந்தும் இருக்கலாம்.