வேகவைத்தால் மட்டும் போதாத கிழங்குகள்

தை மாதம் நெருங்கிச் சந்தைகளில் கிழங்குகள் வந்து குவியத் தொடங்கும் நாட்களில், நான் பணியாற்றும் உணவியல் பிரிவுக்கு ஆலோசனைக்காக வருகிறவர்களின் கேள்விகளும் மாறிவிடுகின்றன. சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உணவுமுறை கேட்க வந்தவர்கள், கைப்பேசியில் ஒரு கிழங்கின் படத்தைக் காட்டி, ஊரிலிருந்து கொடுத்தனுப்பினார்கள், இதை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். உருளைக்கிழங்கையும் கேரட்டையும் மட்டுமே கையாண்டு பழகிய நகரத்துச் சமையலறைக்கு மரவள்ளியும் பிடிகருணையும் பெருவள்ளியும் விருந்தாளிகளைப் போல் வந்து இறங்கும்போது இந்தக் கேள்வி எழுவது இயல்பே. கேள்வி கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எந்தக் கிழங்காக இருந்தால் என்ன, குக்கரில் வைத்து நான்கு விசில் விட்டால் சரியாகிவிடும் என்று நம்பி, கேட்காமலேயே சமைத்துவிடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

மண்ணுக்குள் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கும் செடி, அதைத் தோண்டித் தின்ன வரும் பன்றியிடமிருந்தும் எலியிடமிருந்தும் பூச்சியிடமிருந்தும் காத்துக்கொள்ள ஏதேனும் ஒரு தற்காப்பையும் உடன் வைத்திருப்பது வழக்கம். அந்தத் தற்காப்பு ஒவ்வொரு கிழங்கிலும் ஒவ்வொரு விதமானது என்பதால், அதை நீக்கும் வழியும் ஒன்றாக இருக்க முடியாது. சில நஞ்சு தண்ணீரில் கரைந்து வெளியேறும். சிலவற்றுக்குப் புளிப்பு வேண்டும். எத்தனை மணி நேரம் கொதித்தாலும் அசையாதவையும் இருக்கின்றன.

மரவள்ளியிலிருந்து தொடங்குகிறேன். சேலம், நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்றும் கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி என்றும் வழங்கப்படும் இந்தக் கிழங்கில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்குக்குள் தனியாக இருக்கும்வரை அதிலிருந்து நஞ்சு வெளிப்படுவதில்லை. ஆனால் கிழங்கின் செல்சுவரிலேயே அதைச் சிதைக்கும் நொதியும் இருப்பதால், வெட்டும்போதோ துருவும்போதோ மெல்லும்போதோ இரண்டும் ஒன்றுகலந்து, முடிவில் ஹைட்ரஜன் சயனைடு உருவாகிறது. கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் இது அதிகம். மழை பொய்த்து வறட்சியில் வளர்ந்த கிழங்கில் மேலும் கூடும். சர்வதேச உணவுத்தர விதிகள், ஒரு கிலோ பச்சைக்கிழங்கில் 50 மில்லிகிராமுக்குக் குறைவாகச் சயனைடு தரக்கூடியதை மட்டுமே இனிப்பு வகை என்று கொள்கின்றன. கசப்பு வகைகளில் இது பல மடங்காக இருக்கும்.

இங்கேதான் வேகவைத்தால் போதும் என்ற நம்பிக்கை பிழையாகிறது. லினமரின் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் தண்ணீரில் எளிதாகக் கரையும். அதைச் சிதைக்கும் நொதியோ சூட்டில் விரைவில் செயலிழந்துவிடும். எனவே பெரிய துண்டுகளாக ஆவியில் அவித்தாலோ, நெருப்பில் சுட்டாலோ, சீவி நேரடியாக எண்ணெயில் பொரித்தாலோ, நொதி அழிந்து, லினமரின் பெருமளவில் கிழங்கிலேயே தங்கிவிடுகிறது; உண்டபின் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துச் சயனைடை வெளிப்படுத்தக்கூடும். சிறு துண்டுகளாக நறுக்கிக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டுகள் மூழ்கி நிற்கும் அளவுக்குப் புதிய தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் கொதிக்கவைத்து, வெந்தபின் அந்தத் தண்ணீரையும் வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி போய்விடும். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 பாகை செல்சியஸிலேயே ஆவியாகக்கூடியது என்பதால் திறந்த பாத்திரம் அவசியமாகிறது. இலங்கையில் மரவள்ளி அவிக்கும்போது பானையை மூடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்துவது சரியான அறிவுரை. மரவள்ளியோடு இஞ்சி சேரக்கூடாது என்று அவர்களே சொல்வதை நான் மறுத்து வாதிடப்போவதில்லை. ஆனால் இஞ்சியைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் தோலையும் தண்ணீரையும் பற்றிய கவனம் தளர்ந்துவிடக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தின் நிகழ்வு இதற்குப் பொருத்தமானது. நகரத்தில் வசிக்கும் அவர்கள் நாமக்கல் பக்கத்து உறவினரின் தோட்டத்துக்குச் சென்றபோது, மாவு ஆலைக்கு அனுப்புவதற்காகப் பிடுங்கிப் போட்டிருந்த குவியலிலிருந்து சில கிழங்குகளை எடுத்து வந்திருக்கிறார்கள். ஜவ்வரிசிக்கும் மாவுக்கும் பயிரிடும் இரகங்களில் கசப்பு மிகுந்தவையும் உண்டு. ஆலையில் அரைத்து, கழுவி, வண்டலாகப் படியவைத்து எடுக்கும்போது நஞ்சு கழிந்துவிடுவதால் அங்கே அது பொருட்டாவதில்லை. இவர்கள் அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, குக்கர் தட்டில் வைத்து ஆவியில் அவித்திருக்கிறார்கள். இரவு இரண்டு குழந்தைகளுக்கும் தலைவலியும் தலைச்சுற்றலும் வாந்தியும் வந்து, அஜீரணம் என்று கருதப்பட்டு, பிறகு மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்கப்பட்டு நலமாகத் திரும்பினார்கள். உண்ட உணவைப் பற்றி மறுநாள் விசாரித்தபோது அந்தத் தாய் சொன்ன ஒரு விவரம், நான் நடத்தும் ஒவ்வொரு வகுப்பிலும் இடம்பெறுகிறது: கிழங்கு சற்றுக் கசந்ததால் குழந்தைகளுக்கு வெல்லப்பாகு தொட்டுக் கொடுத்திருக்கிறார். மரவள்ளியில் கசப்பு என்பது சுவையின் குறை அன்று, எச்சரிக்கை. கசந்தால் குப்பையில் போட வேண்டும். கசக்காத கிழங்கு எல்லாம் பாதுகாப்பானது என்று இதைத் திருப்பிப் படிக்கவும் கூடாது.

தோல் உரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மேலே இருக்கும் பழுப்புநிறச் சவ்வைச் சுரண்டிவிட்டால் தோல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு அடியில் இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ தடித்த ஒரு பட்டை இருக்கும்; கத்தியால் நீளமாகக் கீறி, கட்டைவிரலால் நெம்பினால் சுருளாகக் கழன்று வரும். அதையும் நீக்கியே ஆக வேண்டும். வெட்டிய பகுதியில் நீலமும் கருப்பும் கலந்த கோடுகள் ஓடியிருந்தால், பிடுங்கிச் சில நாட்கள் ஆகிவிட்டன என்று பொருள். அதை வாங்க வேண்டாம். வெளிநாடுகளில் மெழுகு பூசி விற்கப்படும் கிழங்குக்கும், தோல் நீக்கி உறையவைத்த பொட்டலத்துக்கும் கூட, நீரில் வேகவைத்து வடிக்கும் விதி பொருந்தும்.

இவ்வளவையும் படித்துவிட்டு மரவள்ளியையே ஒதுக்கிவிடுவது என் நோக்கத்துக்கு எதிரானது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ராம வர்மா ஊக்குவித்த இந்தப் பயிர், இரண்டாம் உலகப் போரின்போது பர்மா அரிசி வராமல் போன ஆண்டுகளில் அந்நாட்டு மக்களின் பசியைத் தாங்கியது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தமிழர்களும் இதைத் தின்றே பிழைத்தார்கள். திருவனந்தபுரத்தில் 1963ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், உண்பதற்கேற்ற பல இரகங்களை வெளியிட்டிருக்கிறது. கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் கிழங்கை அவித்து, நீரை வடித்து, மீன்குழம்போடு உண்ணும் வழக்கம் உணவியல் நோக்கிலும் பாராட்டத்தக்கது. உடலுக்குள் போகும் சிறிதளவு சயனைடை மாற்றி வெளியேற்றுவதற்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் தேவை, அவை மீனின் புரதத்தில் கிடைக்கின்றன. புரதமே இல்லாமல், சரியாகப் பதப்படுத்தாத கசப்பு மரவள்ளியை மட்டும் வாரக்கணக்கில் உண்ண நேர்ந்த ஆப்பிரிக்க ஏழை மக்களிடையே, இரு கால்களும் நிரந்தரமாக முடங்கும் கொன்சோ என்ற நோய் காணப்படுகிறது. காங்கோவில் 1938இல் அது மருத்துவ உலகின் கவனத்துக்கு வந்தது. எப்போதாவது மாலைச் சிற்றுண்டியாக உண்ணும் நமக்கு அந்த அச்சம் வேண்டியதில்லை. தைராய்டு சுரப்புக் குறைவுள்ளவர்கள் மட்டும் இதை அன்றாட உணவாக்காமல் இருப்பது நல்லது.

சேனை, சேம்பு, பிடிகருணை ஆகியவற்றின் தற்காப்பு முற்றிலும் வேறு. இவற்றின் செல்களில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசிக்கட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அரைகுறையாக வெந்த துண்டை வாயில் இட்டதும் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்துவதைத்தான் காறல், அரிப்பு என்கிறோம். இந்தப் படிகம் தண்ணீரில் கரையாது. அரிசி களைந்த நீரிலும் புளிக்கரைசலிலும் வேகவைப்பது, மசியலில் எலுமிச்சை பிழிவது, தோண்டிய கிழங்கை உடனே சமைக்காமல் சில வாரங்கள் காற்றாடப் போட்டு வைப்பது ஆகிய பழக்கங்கள் எல்லாம் இந்தக் காறலைக் கையாள நம் வீடுகள் கண்ட வழிகள். நறுக்கும்போது கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும்; எண்ணெய் தடவிக்கொண்டால் அரிப்பு குறையும். சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பில் இன்னொரு நன்மையும் இருக்கிறது: தயிரின் கால்சியம், கிழங்கில் உள்ள கரையும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால், அது சிறுநீரகத்துக்குச் செல்வது குறைகிறது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேம்பை உண்ண விரும்பினால் இந்த வடிவத்தில், சிறிய அளவில் உண்ணலாம்.

அண்மைக்காலத்தில் கிழங்குகளையும் இலைகளையும் பச்சையாக மிக்ஸியில் அடித்துக் குடிக்கும் பழக்கம் பரவிவருகிறது. சேம்பு இலையை அப்படிக் குடித்துவிட்டு உதடும் நாக்கும் வீங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பொருளைச் சமைக்காமல் உண்ணலாம் என்ற வாதத்தைப் போல என்னை எரிச்சலூட்டுவது வேறொன்றும் இல்லை. வீக்கம் தொண்டைக்கு இறங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கழிக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

சிறுகிழங்கைப் பற்றி எச்சரிக்க எதுவும் இல்லை. தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தினர் செய்வதுபோல், மண் போக அலசிச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் எளிதாகக் கழன்றுவிடும். அவ்வளவே அதன் தொல்லை.

மலைப்பகுதிகளுக்குச் சுற்றுலா சென்று, காட்டில் தோண்டியது என்று வாங்கிவரும் கிழங்குகளின் நிலை வேறு. பளியர், காணி போன்ற பழங்குடி மக்கள் காட்டுவள்ளி வகைகளை இலை, கொடியின் சுற்று, முள் ஆகியவற்றைப் பார்த்துப் பிரித்தறிகிறார்கள். ஆசியாவின் சில காட்டுவள்ளிகளில் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு இருப்பதால், அவற்றை உண்ணும் மக்கள் மெல்லியதாகச் சீவி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவிட்ட பிறகே அடுப்பில் ஏற்றுகிறார்கள். கொடி இல்லாமல், இலை இல்லாமல், விற்றவரின் விளக்கமும் இல்லாமல் பையில் வந்து சேர்ந்த கிழங்கைச் சமைக்க வேண்டாம் என்பதே என் அறிவுரை.

எந்தச் சமையலுக்கும் அடங்காத ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். நமது மாநில மலரான செங்காந்தளின் கிழங்கைக் கண்வலிக்கிழங்கு என்றும் கலப்பைக்கிழங்கு என்றும் அழைக்கிறோம். ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் வட்டாரங்களில் மருந்து நிறுவனங்களுக்கான விதைக்காக இது பயிரிடப்படுகிறது. வேலியோரங்களில் தானாகவும் முளைக்கிறது. விரல் பருமனில், கலப்பையைப் போல் வளைந்து இரண்டாகப் பிரிந்திருக்கும் இந்தக் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணி அவித்துத் தின்றவர்கள் இலங்கையில் இறந்திருக்கிறார்கள். இதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு கொதிநீரில் அழியாது. தின்ற உடனே எதுவும் தெரியாமல், சில மணி நேரம் கழித்து வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, அடுத்த சில நாட்களில் எலும்பு மச்சை, சிறுநீரகம், இதயம் என ஒவ்வொன்றாகப் பாதிக்கப்படும். மருத்துவமனைகளில் எளிதில் கிடைக்கும் முறிமருந்து இதற்கு இல்லை என்பதால், அறிகுறிக்காகக் காத்திராமல் சென்றுவிடுவதே உயிர்காக்கும் வழி.

எந்தக் கிழங்காக இருந்தாலும், உண்டபின் உடல்நலம் கெட்டால் 108ஐ அழைத்துப் புறப்படும்போது, சமைக்காத மீதிக் கிழங்கையும் உரித்த தோலையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள்; உண்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஏதோ ஒரு கிழங்கு என்று சொல்லப்படும்போது மருத்துவர்கள் இழக்கும் நேரம் மிக விலைமதிப்பானது. மரவள்ளியை உரித்த வீட்டில் ஆடோ மாடோ இருந்தால், தோலையும் பச்சை இலையையும் அவற்றின் முன் கொட்டாமல், குழியில் போட்டு மூடிவிடுங்கள்; மனிதருக்கு உதவும் வடித்த தண்ணீரும் திறந்த பானையும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை.